உவரி வரைக்கும் அண்ணா

முதல்லயே ஒரு உண்மையச் சொல்லிடுறேன். எல்.கே.ஜி.யிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் என்பது மார்க்குக்காகப் படித்த பாடம். அதனால் இந்தக் கட்டுரையில் பிழை குறைவாக இருந்தால் அந்தப் பெருமை எனக்கு இல்லை. ஒருத்தர் திருத்திக் கொடுத்திருக்கார். அவரைப் பற்றித்தான் எழுதப் போறேன். ஆனா இனிமே 'அவன்' என்றுதான் எழுதுவேன், கோபமா இருந்த காலத்துப் பழக்கம். நேர்ல 'நீங்க'தான்.

நம்ம கிளாஸ் பொண்ணுங்க கையில் சுற்றிக்கொண்டிருக்கும் இங்கிலீஷ் காதல் நாவல்களில் 'எனிமீஸ் டு லவ்வர்ஸ்' என்று ஒரு ரகம் உண்டு. அதிலும் ஹீரோ தோழியின் அண்ணனாக இருந்தால், கூடவே ஒரு நீண்ட கார் பயணமும் இருந்தால், புத்தகம் கைக்கு வர ரெண்டு வாரம் வரிசையில் நிக்கணும். இதுல என்ன புதுசு, மோதல்ல ஆரம்பிச்சு காதல்ல முடியறது நம்ம சினிமாவுக்குத் தெரியாததா? கார் பயணம் வேணும்னா 2010-லேயே 'பையா' வந்தாச்சு. ஆனா அந்தத் 'தோழியின் அண்ணன்' மட்டும் தமிழ்ல மாட்டிக்கிறான். இங்க தோழியோட அண்ணன் நமக்கும் அண்ணன். அவங்க வீட்டு வாசல்ல முதல் நாளே "அண்ணா, அவ இருக்காளா?"ன்னு கேட்டுடுறோம். கதை அங்கேயே முடிஞ்சு போகுது.

எனக்கும் அப்படித்தான் முடிஞ்சிருக்கணும்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. அப்பா என் புத்தகங்களைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றார். அதைப் பற்றி இதே இதழில் எழுதினேன். தமிழில் நான் முதன்முதலாக எழுதியது அதுதான். தலைப்பு, 'தாமிரபரணியில் வெல்லம்'. ஆமாம், அந்த 'ல்' தான். அவன் அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டான். "ஆத்துல வெல்லம் ஓடுதாம், எல்லாரும் பானையோட வாங்க" என்று கீழே ஒரு வரி. முந்நூறு பேராவது பார்த்திருப்பார்கள். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் நான் தமிழில் ஒரு வரி எழுதவில்லை. அவங்க வீட்டுக்குப் போனாலும், "அண்ணா, தள்ளுங்க" தவிர வேற பேச்சு கிடையாது.

போன பொங்கல் லீவில் தோழியின் பாட்டிக்கு உவரி சுயம்புலிங்க சுவாமி கோயிலில் மண் சுமக்கிற நேர்த்திக்கடன் இருந்தது. தெரியாதவர்களுக்கு: கடற்கரை மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளி, தலையில் சுமந்துகொண்டு வந்து கொட்டணும். பாட்டிக்கு முட்டி வலி, அதனால் பேரன் பேத்தி சுமக்கணும். "நீயும் வாட்டி"ன்னு அவள் கூப்பிட்டாள். கார் ஓட்டப் போறது யார்னு சொல்லல. பாளையங்கோட்டை தாண்டும் முன்னாடியே அவளுக்குக் கார் குமட்டி, பின்சீட்டில் பாட்டி மடியில் படுத்துவிட்டாள். முன்சீட் என் தலையில் விழுந்தது.

பாட்டிக்குத் திருச்செந்தூர் முருகனையும் பார்க்கணும், அதனால் சுற்று வழி. ஸ்ரீவைகுண்டம் கிட்ட வரும்போது, வெள்ளத்தில் ரயில் சிக்கி நின்ற கதையை அவனே ஆரம்பித்தான். நான் எங்க வீட்டுக் கதையைச் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன். மாடிப்படி, அப்பா, புத்தகம், எல்லாம். அவன் ஒண்ணும் பேசல. ஆழ்வார்திருநகரி தாண்டினதும், "உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் தெரியலன்னாலும் அதப் போட்டிருக்கக் கூடாது" என்றான். நாவலா இருந்தா நான் இந்த இடத்தில் உருகியிருக்கணும். நான், "ரெண்டு வருஷம் லேட்டுண்ணா" என்றேன்.

குலசேகரப்பட்டினத்தில் அடுத்த சண்டை. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டிய இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளம் அங்கேதான் வருகிறது. நான் ஈ.சி.ஈ. இல்லையா, "பூமத்திய ரேகைக்குப் பக்கம், அதான் இங்க" என்று அடித்துவிட்டேன். காற்றாலை பராமரிப்பில் வேலை பார்க்கிற, தமிழ் மீடியத்தில் படித்த மெக்கானிக்கல்காரன் சிரித்தான். துருவப் பாதைக்குப் போகிற ராக்கெட்டுக்கு அதனால் லாபம் இல்லையாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கைக்கு மேலே பறக்கக் கூடாது என்று வளைந்து போகணும், எரிபொருள் வீண், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல். நான் விடாமல் மணப்பாடு வரைக்கும் வாதாடினேன். அங்கே சிக்னல் வந்தது, கூகுள் பண்ணினேன், போனை அணைத்துப் பையில் போட்டேன். "என்ன சொல்லுது?" என்றான். "சார்ஜ் இல்ல."

உவரியில் வெயில். அவன் மண்ணை அள்ளிப் போட, தோழியும் நானும் சுமந்தோம். அவளுக்கு முழுப் பெட்டி, எனக்குப் பாதி. ஏன் எனக்கு மட்டும் பாதின்னு சண்டைக்குப் போனேன். "கழுத்து சுளுக்கிச்சுன்னா உங்க அம்மாக்கு யாரு பதில் சொல்லுறது?" பாட்டி நிழலிலிருந்து, "கேக்கால்ல, நெறைய அள்ளிப் போடுலே" என்றாள். போட்டான். நாலு எட்டு நடந்ததும் பெட்டி சரிந்தது, கண்ணெல்லாம் மண். எதுவும் தெரியவில்லை. அப்போ என் வாயிலிருந்து வந்தது: "ஏங்க, பிடிங்க!"

'அண்ணா' இல்ல. ஏங்க. நம்ம ஊர்ல அது யார் யாரைக் கூப்பிடுகிற சொல் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியைப் பிடித்தான். பாட்டி கடலைப் பார்த்தாள். தோழி முந்திப் போய்விட்டாள், கேட்கவில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் கப்பல் மாதா கோயில். கப்பல் மாதிரி கட்டி, மேலே ஒரு விமானத்தையும் வைத்திருக்கிறார்கள். இது மிதக்குமா பறக்குமா என்று வழக்கமாக ஒரு சண்டை வந்திருக்கும். ரெண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. போகும்போது மட்டும், "ஜோ டி குரூஸ் இந்த ஊர்க்காரர்தான், தெரியுமா?" என்றான். தெரியாது.

ஒரு வாரம் கழித்து தோழி மூலமா 'ஆழி சூழ் உலகு' வந்தது. 2004-ல் வந்த நாவல். கடற்கரைப் பேச்சு வழக்கு, என் தமிழுக்கு அது இமயமலை. ஆனா பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சிலால் அர்த்தம் எழுதியிருந்தது. சிவப்பு மை இல்ல, பென்சில். ஒரு நாளைக்கு ஆறு பக்கம் என்று இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இதுவரைக்கும் நாவல் மாதிரிதான் இருக்கு. நாவலில் தடை என்பது ஹீரோவின் ஈகோ, ஒரு பாட்டில் கரைந்துவிடும். இது திருநெல்வேலி. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் கவின் செல்வகணேஷ் என்ற மென்பொருள் பொறியாளரை வெட்டிக் கொன்றார்கள். அவர் காதலித்த பெண்ணின் சகோதரர் கைதானார். என் பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகும். அவன் என்ன சாதி, நான் என்ன சாதி என்று இங்கே எழுத மாட்டேன். வேற வேற, அது போதும். எனக்கு ஒரு தம்பி இருக்கான், பிளஸ் டூ. கேரம் போர்டில் தோற்றால் அழுகிற பையன். புத்தகம் வந்த அன்றைக்கு ராத்திரி அவன் தூங்குவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தத் தம்பியை அப்படிப் பார்க்க வைக்கிற ஊர் மேல எனக்கு வந்த கோபம், அந்த வாட்ஸப் ஸ்டேட்டஸ் மேல கூட வந்ததில்லை.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன்னாடி தோழியிடம் சொன்னேன். எனக்கு அவள்தான் முக்கியம், அவள் வேண்டாம்னா வேண்டாம் என்று இருந்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. கடைசியில், "திரும்பி வரும்போது திசையன்விளை டீக்கடையில் நீ ஒரு தடவ கூட 'அண்ணா' சொல்லல ஏட்டி. பாட்டிதான் காட்டிக் குடுத்துச்சு" என்றாள். சிரிக்கவில்லை. "பயமா இருக்குட்டி" என்றும் சொன்னாள்.

எனக்கும்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ப்ராஜெக்ட் வைவா முடியட்டும், வேலை கிடைக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று எடிட்டரிடம் கேட்டிருக்கிறேன். போனில் அவன் நம்பரை 'உவரி' என்று சேவ் பண்ணியிருக்கேன். நேற்று அது அடித்தபோது அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு, "உவரியில் உனக்கு யாருடி?" என்று கேட்டாள்.