இடுப்பளவு உயரத்தில் ஒரு பசு

காஞ்சிபுரத்தில் பசுவைக் கண்டு வியப்பவர் எவரும் இலர். கோயில் வீதிகளில் அவை படுத்து அசைபோடும். பேருந்துகளே ஒதுங்கிச் செல்லும். ஆயினும் எங்கள் பசுவை ஓரிக்கைச் சாலையில் ஓட்டிச் செல்லும்போது, மிதிவண்டியில் போகிறவர்கூட இறங்கி நின்று, “இது கன்றா, பசுவா?” என்று கேட்கிறார். பசுதான். மூன்று முறை ஈன்ற பசு. உயரம் மூன்றடியை எட்டவில்லை. எங்கள் இடுப்பளவுதான் இருக்கும். அதன் வால் மட்டும் தரையைத் தொடும் அளவுக்கு நீண்டது.

நாங்கள் பட்டு நெய்யும் குடும்பத்தினர். வீட்டில் ஒரு தறி. கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் அமர வேண்டும். கணவனும் மனைவியுமாக அமர்ந்துவிட்டால் பொழுது சாயும்வரை எழ இயலாது. பாலாற்றுப் பக்கம் முப்பது சென்ட் நிலம் தந்தைவழி வந்தது. முன்பு அங்கே ஒரு ஜெர்சிக் கலப்புப் பசு வைத்திருந்தோம். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் கறந்தது, பொய்யில்லை. ஆனால் அதற்கு அன்றாடம் இருபத்தைந்து கிலோ பசும்புல் வேண்டும். அடர்தீவனத்தில் உடலைப் பேண ஒன்றரைக் கிலோவும், அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ அரைக் கிலோவும் வைக்க வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் நாக்கைத் தள்ளிக்கொண்டு இரைக்கும். புல்லறுக்கப் போனால் தறி நிற்கும். தறியில் அமர்ந்தால் மாடு கத்தும். மனமின்றி விற்றோம்.

புங்கனூர்ப் பசுவைப் பற்றி அதன்பின்தான் கேள்வியுற்றோம். வேலூர், சித்தூர் தாண்டி, பலமநேருக்கு அப்பாலுள்ள புங்கனூர்ப் பகுதியின் பழைய இனம். அழியும் நிலைக்கு வந்த அதனைப் பலமநேரிலுள்ள அரசு கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் காத்து வளர்த்து வருகின்றனர். உயரம் எழுபது முதல் தொண்ணூறு சென்டிமீட்டர், ஐந்து கிலோ தீவனத்தில் நாளைக் கழித்துவிடும், வறட்சிக்கு அஞ்சாது. எங்களுக்கென்றே படைக்கப்பட்டது போல் தோன்றிற்று.

2018-இல் ஒரு தரகர் வழியாக முதற்கன்றை வாங்கினோம். ‘அசல் புங்கனூர்’ என்றார். நம்பினோம். சரிகை வாங்கினால் இழையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்க்காமல் தறியில் ஏற்றாதவர்கள் நாங்கள். கன்றை மட்டும் கண்ணால் பார்த்து வாங்கிவிட்டோம். அது ஒரே ஆண்டில் எங்கள் தோளுயரம் வளர்ந்தது. எந்தக் கன்றும் சிறு வயதில் குட்டைதானே! தாயையும் தந்தையையும் பார்க்காமல் வாங்கியது எங்கள் பிழை.

2020 ஜனவரியில் நாங்களே பலமநேர்ப் பக்கம் சென்று, ஓர் உழவர் வீட்டில் தாய்ப்பசுவையும் பொலிகாளையையும் நேரில் கண்டு, பருவத்துக்கு வரவிருந்த ஒரு கிடாரியை வாங்கி வந்தோம். அவ்வீட்டார் அதை லட்சுமி என்று அழைத்தனர். ‘கிறிஸ்தவ வீட்டில் இந்தப் பெயரா?’ என்று பாட்டி முகம் சுளித்தார். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், அது திரும்பவேயில்லை. லட்சுமியாகவே இருந்துவிட்டது.

இனி எழுதப்போவது எங்களுக்குப் பெருமை தரும் செய்தியன்று.

அவ்வாண்டு ஜூனில் லட்சுமி பருவத்துக்கு வந்தது. பொது முடக்கக் காலம், பட்டுச் சேலைகள் தேங்கிக் கிடந்தன, கையில் காசில்லை. ஜெர்சி ஊசி போட்டால், பிறக்கும் கிடாரி தாயைப் போல் குறைவாக உண்டு, தந்தை இனத்தைப் போல் நிறையக் கறக்கும் என்று கணக்கிட்டோம். பக்கத்து நிலத்துப் பெரியவர், “சின்ன மாட்டுக்குப் பெரிய ஊசி வேண்டாம் தம்பி, முதல் ஈற்று வேறு” என்று தடுத்தார். கேட்கவில்லை. ஊசி போட வந்தவரும் தயங்கினார், வற்புறுத்தியவர்கள் நாங்கள்.

2021 தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வீடு திரும்பியபோது பனிக்குடம் உடைந்திருந்தது. முன்கால் இரண்டும் வெளியே தெரிந்தன; தலை வரவில்லை. நள்ளிரவுக்குமேல் கால்நடை மருத்துவர் வந்தார். கயிறு கட்டி, முக்கும் வேளை பார்த்து மெல்ல இழுத்தோம். விடியும்போது கன்று வந்தது, உயிரின்றி. அது தாயின் உடலில் பாதி இருப்பது போல் எங்கள் கண்ணுக்குப் பட்டது. லட்சுமி இரண்டு நாள் எழவில்லை. எழுந்த பின்னரும் கன்று கிடந்த இடத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பாட்டி எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவ்வாண்டு பாஸ்காவுக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்துக்குச் சென்றபோது இதையும் சொன்னோம். மாட்டைப் பற்றியெல்லாம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். பேராசை யார்மீது விழுந்தாலும் பேராசைதானே!

நாங்கள் ஓர் இரவில் கண்டதைக் கேரளம் முப்பது ஆண்டுகளாகக் கண்டது. வேம்பநாட்டுக் காயலருகே வைக்கம் பக்கத்தில் வெச்சூர் என்றோர் ஊர். அவ்வூர்ப் பசுவும் மூன்றடிக்குட்பட்டதே. வீட்டுக் கொல்லையில் கிடைத்ததைத் தின்று இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். பால் பெருக வேண்டும் என்ற நல்ல எண்ணத்துடன் 1961-இல் அங்கே ஒரு கால்நடை மேம்பாட்டுச் சட்டம் வந்தது. உரிமம் பெறாத நாட்டுக் காளைகளை இனவிருத்திக்கு வைத்திருக்கக் கூடாது. அவற்றைக் காயடிக்க வேண்டும். எங்கும் சீமைக் காளைகளின் கலப்பு. பாலும் பெருகியது, அதை மறுப்பது நேர்மையன்று. ஆனால் காளை இல்லாத இனம் எத்தனை நாள் இருக்கும்? வெச்சூர்ப் பசு ஏறத்தாழ மறைந்தே போயிற்று. 1989-இல் மண்ணுத்தியிலிருந்த கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப், தம் மாணவர்களுடன் ஊர் ஊராகத் தேடி அலைந்து, எஞ்சியவற்றைச் சேர்த்து ஒரு சிறு மந்தையாக்கினார். இன்று அவ்வினம் இருப்பது அந்த அலைச்சலால். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இதையெல்லாம் படித்தறிந்த பின், 2022-இல் லட்சுமியை ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, அது பிறந்த ஊர்ப் பக்கமே கொண்டு சென்றோம். அந்த வண்டிக்கு நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று பெயர். குட்டிப் பசு குட்டி யானையில் ஏறியதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. அங்கே வேறொரு வீட்டில் நல்ல புங்கனூர்க் காளை இருந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில், எவர் உதவியும் இன்றி, பின்னிரவில் தானே ஒரு காளைக் கன்றை ஈன்றது. முயலைவிடச் சற்றே பெரிது என்று சொன்னால் மிகையாகாது. பிள்ளைகள் அதற்குச் சின்னப்பன் என்று பெயர் வைத்தனர். பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் ‘சிறியவர்’ என்பது பொருள். அதனால்தான் நம் முன்னோர் திருத்தூதரைச் சின்னப்பர் என்றனர். பங்குத் தந்தையிடம் தயங்கியவாறு சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, ஒரு கீரைக்கட்டுடன் வந்து கன்றைப் பார்த்துச் சென்றார்.

பாலைப் பற்றிக் கேட்பவர்க்கு மெய்யைச் சொல்லிவிடுகிறோம். ஈன்ற புதிதில் மூன்று லிட்டர். போகப் போக இரண்டு. புங்கனூர்ப் பாலில் எட்டு விழுக்காடு கொழுப்பு என்று எழுதுகின்றனர். எங்கள் லட்சுமியின் பாலைச் சோதித்தபோது ஐந்தரைதான் வந்தது. பால் சங்கத்துக்கு ஊற்றிப் பணம் பண்ண இப்பசு உதவாது. ஆனால் வேர்க்கடலைக் கொடி, வைக்கோல், வரப்புப் புல், அரிசி கழுவிய நீர், வாரம் ஒருமுறை அகத்திக்கீரை ஆகியவற்றிலேயே அதன் வயிறு நிறைகிறது. தவிடு சிறிதே வேண்டும். வெயிலில் இரைப்பதில்லை. தறியை விட்டு நாங்கள் எழுவது காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம். பாட்டியின் காப்பிக்கும், பிள்ளைகளுக்கும், ஒரு பானைத் தயிருக்கும் பால் போதும்.

2023 டிசம்பரில், புனித அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ ஊரில் உயிருள்ள எருதையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்து எண்ணூறு ஆண்டுகள் நிறைவடைந்தன. 1223-இல் அவர் செய்ததைப் போல நாமும் செய்வோம் என்று பங்கு இளைஞர்கள் லட்சுமியைக் கேட்டனர். லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி உண்டே தவிர, மாடு ஏதும் சொல்லப்படவில்லை; எசாயாவின் நூலிலிருந்துதான் எருதும் கழுதையும் குடிலுக்குள் வந்து சேர்ந்தன என்பர். கோயில் முற்றத்தில் போட்ட ஓலைக் கொட்டகையில் வேறெந்த மாடும் நுழைந்திராது, லட்சுமி நுழைந்தது. நடுநிசித் திருப்பலியில் ‘உன்னதங்களிலே’ பாடி மணிகள் ஒலித்தபோதும் மிரளவில்லை. திருப்பலி முடிந்து பார்த்தால், பாலன் சுரூபத்தின் கீழ் பரப்பியிருந்த வைக்கோலை முழுவதும் தின்று முடித்திருந்தது. உபதேசியார் பதறினார். பிள்ளைகள் அதுவரை அவ்வளவு மகிழ்ந்து நாங்கள் கண்டதில்லை.

அடுத்த மாதமே நிலைமை மாறிற்று. 2024 பொங்கலையொட்டிப் பிரதமர் தம் இல்லத்தில் புங்கனூர்ப் பசுக்களுக்குத் தீனி ஊட்டும் படம் நாடெங்கும் பரவியது. அன்று முதல் எங்கள் வாசலில் வண்டிகள். சிலர் பசுவோடு படம் எடுத்துக்கொண்டு சென்றனர். சிலர் புதுமனைப் புகுவிழாவுக்குக் கேட்டனர். நாம் கிறிஸ்தவர்கள், இது முறையா என்று குழம்பினோம். பங்குத் தந்தை, “அயலார் மகிழ்ச்சிக்கு உதவுங்கள், வாடகை மட்டும் வாங்காதீர்கள்” என்றார். எதிர்வீட்டு நெசவாளர் குடும்பத்துக்கு அப்படியே அனுப்பினோம். பிறகு ஒருவர் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மின்தூக்கியில் ஏற்றினர். பளபளக்கும் கல் தரையில் குளம்பு வழுக்கி, நான்கு காலையும் அகல விரித்து நடுங்கியபடி நின்றதைப் பார்த்தபின், மண் தரையும் சாண மெழுக்கும் உள்ள வீடுகளுக்கன்றி வேறெங்கும் அனுப்புவதில்லை.

2025-இல் லட்சுமி ஒரு கிடாரி ஈன்றது. அதற்குச் சொல்லப்படும் விலை எங்கள் தறி ஓராண்டில் ஈட்டித் தருவதைவிடக் கூடுதல். மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய வேளை. எனவே அதை எளிதாக மறுத்தோம் என்று எழுத மாட்டோம். இரண்டு இரவுகள் பேசினோம். கேட்டவர் வீட்டின் மூன்றாம் மாடி முகப்பில் அதை வளர்க்கப்போவதாகச் சொன்னார். துணைக்கு வேறு மாடு உண்டா, சினைக்கு என்ன செய்வீர்கள் என்று வினவினோம். “சினையா? அது செல்லத்துக்குத்தானே!” என்றார். பால் விட்ட கணக்கையும் சீட்டுப் பணத்தையும் கூட்டி ஒரு தவணைக் கட்டணத்தைக் கட்டிவிட்டோம். அடுத்த தவணைக்குத் தறியில் இருக்கும் சேலை முடிய வேண்டும்.

சின்னப்பனை விலைக்குக் கேட்பவர் எவருமில்லை. காளை எவருக்கும் வேண்டியதில்லை போலும். ஆயினும் சுற்றுவட்டத்தில் குட்டை மாடு வைத்திருக்கும் சில உழவர்கள் தம் பசுக்களை அதனிடம் ஓட்டி வருகின்றனர். கட்டணமாக ஒரு கட்டு வைக்கோல் பெற்றுக்கொள்கிறோம். கிடாரிக்கு மட்டும் அது ஆகாது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதற்கு உறவல்லாத வேறொரு காளை வேண்டும். பலமநேரில் எங்களுக்கு லட்சுமியை விற்ற உழவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். தை பிறந்ததும் குட்டி யானைக்காரரை வரச் சொல்லியிருக்கிறோம்.