மதுரையைவிடப் பக்கம் யாழ்ப்பாணம்!

சென்னை விமான நிலையத்திலிருந்து மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா? எங்கள் ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் யோசிக்காமல் மதுரை என்றார்கள்.

ஆனால், நேர்க்கோட்டில் மதுரை விமான நிலையம் சுமார் 415 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 355 கி.மீ.தான்! சென்னையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நேர் தெற்கே பறந்தால் போதும்.

இந்தக் கணக்கை நான் போட்டது ஒரு சாவு வீட்டுக்காக. பெரும்பாக்கத்தில் எங்கள் கீழ் ஃப்ளாட் ஆன்ட்டி, யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தவர். போன வருடம் ஒருநாள் இரவு போனோடு மேலே வந்தார். “அம்மா போயிட்டா பிள்ளை. நாளண்டைக்கு எடுக்கினம். எத்தனை மணித்தியாலத்தில போய்ச் சேரலாம் எண்டு பாரும்” என்றார்.

அவர் பதறியதற்குக் காரணம் உண்டு. 2022-ல் அவருடைய அப்பா இறந்தபோது யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் இல்லை. சுமார் 650 கி.மீ பறந்து கொழும்பு போய், அங்கிருந்து தரை வழியாக வடக்கே 350 கி.மீ-க்கு மேல் திரும்பி வர வேண்டும். இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரம். வண்டி பிடித்து வீடு போய்ச் சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது.

இத்தனைக்கும் இது பழைய வழித்தடம். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. இடையில் நின்றுபோன சேவை, 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் மூலம் மீண்டும் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12-ல் திரும்பவும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

ஆன்ட்டிக்கு மறுநாள் விமானத்தில் ஒரு சீட் கிடைத்தது. அதில் போவது ஏ.டி.ஆர் ரகச் சிறிய விமானம், புரொப்பெல்லர் வைத்தது. ஏறி இறங்க எல்லாம் சேர்த்து ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். ஆனால் மேடவாக்கம், கீழ்க்கட்டளை, பல்லாவரம் டிராஃபிக்குக்கு ஒரு மணி நேரம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். அங்கே இறங்கி இமிகிரேஷன் முடித்து வீடு போக இன்னும் ஒன்றரை மணி. ஆக, வாசலிலிருந்து வாசலுக்கு ஏழு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மாலை அவரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. “எடுக்க முதல் வந்திட்டன் பிள்ளை.”

நீங்களும் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். அதற்கும் முன்னால், அன்றைக்கு விமானம் இருக்கிறதா என்று பாருங்கள். 355 கி.மீ என்பது 2022-லும் அதே 355 கி.மீ.தான். ஆன்ட்டியின் அப்பாவுக்கு அது உதவவில்லை.