ஒரே தண்ணீரில் நாலு

வத்தல்மலையில் என்னோடு நாலு மரத்தவளைகள் வாழ்கின்றன. 3 அடி உயரம், 2 அடி அகலம் கொண்ட ஒரு கண்ணாடிப் பெட்டி அவற்றின் உலகம். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகள் வாங்கி வளர்த்தவை. 2023-ல் அவள் ஜெர்மனிக்குப் போனபோது, எடுத்துக்கொள்ள வேறு ஆள் இல்லாமல், மலையேறி என்னிடம் வந்து சேர்ந்தன. நான் தவளை வளர்க்க ஆசைப்பட்டவன் அல்ல. 'செல்லப் பிராணி' என்ற சொல் இப்போதும் எனக்கு ஒட்டவில்லை. செல்லம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் ஜீவன் இல்லை இது. கையில் எடுத்தால் அதற்கு அவஸ்தைதான். நம் விரலின் உப்பும் சோப்பும் அதன் தோல் வழியாக உள்ளே போய்விடும்.

இங்கே வரும் இலக்கிய நண்பர்கள் பெட்டியின் முன் நின்று இரண்டில் ஒன்று செய்கிறார்கள். கவிஞராக இருந்தால் உடனே ஒரு படிமம் கிடைத்துவிடுகிறது. விமர்சகராக இருந்தால் கிணற்றுத் தவளையில் தொடங்கித் தமிழ்ச் சூழலுக்கு வந்துவிடுகிறார். இரண்டு பேருமே தவளையைப் பார்ப்பதில்லை. இருவரும் பொதுவாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "நாலும் எவ்வளவு ஒற்றுமையா இருக்கு!"

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. தவளைகள் கடித்துக்கொள்வதில்லை, உறுமுவதில்லை. பகலெல்லாம் கண்ணை மூடி, கைகால்களை உடம்புக்குள் மடக்கி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகூட உட்கார்ந்திருக்கும். பார்ப்பவனுக்கு அது சிநேகம். தவளைக்கு அது நல்ல மறைவிடம் ஒன்றே ஒன்று இருப்பதன் விளைவு. நாலு உயிர்கள் ஒரு பெட்டியில் இருக்கும்போது கேடு சத்தமில்லாமல்தான் வருகிறது. தண்ணீரில் வருகிறது, தீனியில் வருகிறது, தோலில் வருகிறது. ஒற்றுமை என்று பெயர் கொடுத்துவிட்டால் இந்த மூன்றையும் பார்க்க வேண்டாம் என்றாகிவிடுகிறது.

முதலில் இவை யாரென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளைகள். சிட்னியில் கைதிகளைக் குடியேற்றப் போன முதல் கப்பல் கூட்டத்தின் தலைமை மருத்துவர் ஜான் ஒயிட், 1790-ல் லண்டனில் வெளியான தம் பயண நூலில் இந்த இனத்தை முதலில் விவரித்தார். பதப்படுத்தும் திரவத்தில் போட்டு அனுப்பிய உடல்கள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது நீலமாக இருந்தன. தோலின் மேலடுக்கிலிருந்த மஞ்சள் கரைந்து, அடியிலிருந்த நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. நீலத் தவளை என்றே லத்தீனில் பெயர் வைத்தார்கள். விஞ்ஞானத்தில் இன்றும் அந்தப் பெயர்தான். உயிரோடு இருக்கும் தவளை மட்டும் தொடர்ந்து பச்சையாக இருந்து வருகிறது.

இனி தண்ணீர். தவளை வாயால் குடிப்பதில்லை. அடிவயிறும் தொடையும் சேரும் இடத்திலுள்ள மெல்லிய தோலை ஈரத்தில் பதித்து உட்கார்ந்து, அதன் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. கழிப்பதும் அதே கிண்ணத்தில்தான். ஒரு தவளை கழித்ததை மற்ற மூன்றும் குடிக்கின்றன. பெட்டிக்குள் பாசியும் செடியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் கிண்ணத்தில் அம்மோனியா ஏறிக்கொண்டேயிருக்கும். கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகவே தெரியும். ஆகவே தினமும் காலையில் கிண்ணத்தை எடுத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் வைக்கிறேன். மழை, காய்ச்சல், விருந்தாளி என்று எந்த விலக்கும் இதற்கு இல்லை.

எந்தத் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. தர்மபுரிக்காரனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நான் பிறந்து வளர்ந்தது கீழே சமவெளியில். அங்கே நிலத்தடி நீரில் புளோரைடு. என் முன்பற்களிலுள்ள பழுப்புக் கீற்றுகள் சிறுவயதில் குடித்த கிணற்றின் கையெழுத்து. என் வயதுக்காரர் பலருக்கும் இது உண்டு. சிலருக்கு எலும்பு வரை போய் முதுகு வளைந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டு, காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது. இந்த மாவட்டத்து மனிதனுக்குத் தான் குடிப்பதுதான் தன் உடம்பு என்று யாரும் போதிக்க வேண்டியதில்லை. தவளைக்கு அது இன்னும் நேரடி. நமக்கு நல்லது செய்யும் குளோரின் அதன் தோலை எரிக்கும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்திருந்தால் குளோரின் பறந்துவிடும். என் சமையலறையில் இரண்டு குண்டான்கள் எப்போதும் இப்படிக் காத்திருக்கின்றன. ஒன்று இன்றைக்கு, ஒன்று நாளைக்கு.

தேரையாரின் கதை நினைவுக்கு வருகிறது. அரசனின் தலைக்குள் புகுந்துவிட்ட தேரையை எப்படி எடுப்பதென்று அகத்தியர் யோசித்துக்கொண்டிருக்கையில், சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து அலசிச் சலசலக்கச் செய்தானாம். தேரை தானே தண்ணீருக்குள் தாவிற்று. கதை நடந்ததா என்பது என் கவலை அல்ல. அந்தச் சீடனுக்குத் தவளையின் தேவை தெரிந்திருந்தது. வைத்தியம் என்று நான் இங்கே செய்வதெல்லாம் அந்த ஒரு பாத்திரம்தான்.

தீனியைப் பொறுத்தவரை கூட்டு வாழ்க்கை அநியாயத்தை வளர்க்கிறது. பிளாஸ்டிக் வாளியில் முட்டை அட்டைகளை அடுக்கி, காரட்டும் முருங்கைக்கீரையும் போட்டுச் சுவர்க்கோழிப் பூச்சிகளை வளர்க்கிறேன். தோட்டத்துப் பூச்சிகளைப் பிடித்துப் போடுவதில்லை, அவை எந்த மருந்தைத் தின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. இருட்டியதும் பூச்சிகளைப் பெட்டிக்குள் கொட்டினால் பெரிய தவளை எட்டைத் தின்னும், சின்னது ஒன்றுக்காகக் காத்திருந்து திரும்பிவிடும். பெரியதற்குக் கண்ணுக்குமேல் கொழுப்பு மடிப்பு தொங்க ஆரம்பிக்கும். சின்னதற்கு இடுப்பெலும்பு தெரியும். இரண்டுமே வியாதிதான். தப்பிய பூச்சிகள் தூங்குகிற தவளையின் விரலைக் கடிப்பதும் உண்டு. ஆகவே நாலுக்கும் தனித்தனியாக, நீண்ட மரக்கிடுக்கியில் பிடித்து ஊட்டுகிறேன். பூச்சியின்மேல் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவியிருக்கும். அது உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும், அல்லது புற ஊதா விளக்கு வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு ரப்பராகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றையும் ஈரக் கையுறையோடு எடுத்துச் சின்ன மின்தராசில் நிறுத்து நோட்டில் குறிக்கிறேன். ஒற்றுமையைப் பற்றிய ஒரே நம்பகமான சாட்சியம் அந்த நோட்டு. போன தை மாதம் மூன்று வாரத்தில் ஒன்று 6 கிராம் இறங்கியது. பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. தனிப் பெட்டியில் எடுத்து வைத்து ஒரு மாதம் தனியே ஊட்டிய பிறகு ஏறியது. நோய் ஒன்றும் இல்லை. மற்றதன் பக்கத்தில் அதற்குச் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.

வத்தல்மலை 3,000 அடிக்கு மேலே. மார்கழி ராத்திரியில் குளிர் இவற்றுக்கு ஆகாது. பெட்டிக்கு வெளியே ஒரு பக்கம் மட்டும் சூட்டு விரிப்பு, மேலே கம்பளி. மேல்மூடி கம்பிவலை என்பதால் கம்பளியை முழுக்க மூடக் கூடாது. ஈரம் வேண்டும், காற்று தேங்கக் கூடாது. காற்றில்லாத ஈரத்தில் தவளையின் தோல் அழுகும். இதை நான் இரண்டு குளிர்காலமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது தோல். பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ படிக்கிறான். பெட்டியின்மேல் எனக்கிருக்கும் அக்கறை அவனுக்கும் உண்டு. ஐப்பசி மழையில் ஒருநாள் குளியலறைச் சுவரிலிருந்து ஒரு தேரையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தான். "தாத்தா, இதையும் உள்ள உடலாமா? தனியாக் கெடக்குது பாவம்."

அந்தத் தேரை இந்த மலையின் சொந்தக்காரன். ஆங்கிலத்தில் அதற்குச் 'சுனாம் தவளை' என்றொரு பெயர் உண்டு. நம் சுண்ணாம்புதான் அங்கே அப்படிப் போயிருக்கிறது. தன் தோலில் கசியும் கொழுப்புப் பொருளைக் கைகால்களால் உடம்பு முழுக்கத் தடவிக்கொண்டு ஈரம் ஆவியாகாமல் காத்துக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். 1997-ல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வெயிற்காலத்தில் சுவரில் ஒட்டிக்கொண்டு பிழைத்துக்கிடப்பது இதனால்தான். என் ஆஸ்திரேலியர்களோடு அதைச் சேர்த்தால் முதலில் ஒன்றின் தோல் நஞ்சு மற்றதைத் தாக்கலாம். பெரியது சின்னதை விழுங்கவும் கூடும், வாய்க்குள் அடங்கும் எதுவும் தவளைக்குத் தீனிதான். மூன்றாவது காரணம்தான் பெரியது.

தவளைத் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை உண்டு. 1999-ல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். தோல் வழியாக உப்புக்கள் போய்வரும் கணக்கை அது குலைக்கிறது, கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. 2018-ல் வெளிவந்த ஆய்வு அதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா, கொரியத் தீபகற்பம் என்று காட்டிற்று. 20-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் தவளைகளைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றி வியாபாரம் செய்ததில் அது உலகெங்கும் பரவியது. 2019-ல் ஒரு கணக்கெடுத்தார்கள். 501 நீர்நில வாழ் இனங்கள் இதனால் குறைந்துவிட்டன, அவற்றில் 90 அழிந்துபோயிருக்கலாம் என்று. நோய் அறிகுறி ஏதும் இல்லாமல் ஒரு தவளை இதைச் சுமந்து திரிய முடியும். என் நாலும் சுமக்கின்றன என்று சொல்லவில்லை. சுமக்கவில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே புதிதாக எது வந்தாலும் தனியறையில் இரண்டு மூன்று மாதம் என்பது பெட்டிச் சட்டம். மலைத் தவளைக்கு அதுவும் கிடையாது, அது சுவருக்கே திரும்பிப் போகட்டும். கிண்ணத்தில் மாற்றிய பழைய தண்ணீரையும் நான் காப்பிச் செடிக்கு ஊற்றுவதில்லை. பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து, ஓடையிலிருந்து தள்ளி வெட்டிய குழியில்தான் கொட்டுகிறேன்.

பையன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலியா மரம்னுதானே சொன்னீங்க? அது மட்டும் இங்க இருக்கலாமா?" நியாயமான கேள்வி. இந்த மலையில் காப்பியும் வந்தது, அதற்கு நிழல் தர சில்வர் ஓக்கும் வந்தது, அதன்மேல் மிளகுக்கொடி ஏறியது. பல குடும்பங்கள் அதில் பிழைக்கின்றன. வெளியிலிருந்து வந்ததெல்லாம் நோய் என்று நான் சொன்னால் அது பொய், அரசியலாக அதைவிட மோசம். மரம் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பூஞ்சை வந்ததை யாரும் பார்க்கவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் அவனிடம் சொன்னேன்.

இங்கே நண்பர்களின் உவமைக்கும் ஒரு பதில் கிடைக்கிறது. நாமும் சின்னப் பெட்டிதான். முந்நூறு பிரதிகள், ஒரே கிண்ணம், ஒருவர் எழுதியதை மற்றவர் தோலால் குடிக்கிறோம் என்று ஒரு நண்பர் சொன்னார். கிண்ணம் வரை சரி. அதற்குமேல் போனால் உவமை பொய்யாகிறது. புதுத் தவளையை மூன்று மாதம் தனியே வைப்பது பராமரிப்பு. புது எழுத்தாளனை அப்படி வைப்பது ஸ்தாபனம். தவளையிடமிருந்து இலக்கியத்துக்கு நான் எடுத்துக்கொள்ளச் சம்மதிப்பது அந்தத் தராசு ஒன்றைத்தான். சேர்ந்திருப்பவர்களில் யார் இளைக்கிறார் என்று தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம்.

எனக்கு வயது 68. இந்த இனம் நல்ல பராமரிப்பில் 15, 20 வருஷம் இருக்கும். என் நாலுக்கும் 5 வயதுதான் ஆகிறது. கணக்கு எனக்குச் சாதகமாக இல்லை. "யாருக்காவது குடுத்துடுங்கப்பா" என்கிறாள் மகள் போனில். ஓடையில் விட்டுவிடலாமே என்கிறார் வீட்டுக்காரர், கருணையோடுதான். ஓடையில் விடுவது விடுதலை என்று எனக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் அது இந்த மலைத் தேரைகளின்மேல் நான் செய்யும் பரிசோதனை. ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பி அனுப்பவும் வழியில்லை, அங்கே இவை பிறக்கவும் இல்லை. இவற்றுக்கு இந்தப் பெட்டியைத் தவிர இடம் கிடையாது.

ஆகவே பையனோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். நோட்டில் எழுதியதைப் படித்துக்கொண்டு வருகிறான், ஞாயிறு எடை இப்போது அவன் பொறுப்பு. பெட்டியைத் தொட்டபின் கை கழுவாமல் சுவர்த் தேரையின் பக்கம் போவதில்லை. புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை, ஜோடி சேர்த்துப் பெருக்குவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். நாலு மூன்றாகும், இரண்டாகும். கடைசியில் ஒன்று மிஞ்சும். அப்போது அதற்குத் துணை வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். தவளைக்குத் துணை தேவையில்லை என்று அவன் சொல்லிக்கொள்வான். ஒரு நாள் முன்னால் பிடித்து வைத்த தண்ணீர்தான் தேவை, அது ஒன்றே ஆனாலும் தினமும்.