ரிம்வேர்ல்டா, ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடடா?

கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கம் வரலை. லக்னோவிலிருந்து நாக்பூருக்கு மாத்தலாகி வந்து நாலு மாசம். பையன் பதினொன்றாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு ஒரே ஒரு கேம்னு தங்கமணி சாங்ஷன் கொடுத்தாங்க.

என் ஓட்டு 'ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்'டுக்கு (2019). விண்கல்லுக்குள்ளே மூணு பேர். பாசியிலிருந்து ஆக்ஸிஜன் எடுக்கணும். கரியமில வாயு கனமானது, கீழ்த்தளத்துல போய்த் தேங்கும். பாசி தீர்ந்தா தண்ணியைப் பிரிக்கணும். அதுல வர்ற ஆக்ஸிஜன் சூடா இருக்கும். சூடு ஏறினா பயிர் வளராது. ஒரு வரவு, ஒரு செலவு, டேலி ஆகலைன்னா அம்பேல். நம்ம பேலன்ஸ் ஷீட்டேதான்!

அவன் கேட்டது 'ரிம்வேர்ல்ட்' (2018). அங்கேயும் விபத்துல தப்பின மூணு பேர்லதான் ஆரம்பம். ஆனா கணக்கெல்லாம் சரியா இருந்தாலும் 'ராண்டி'ங்கிற கதைசொல்லி திடீர்னு கொள்ளைக்காரங்களை அனுப்புவான்.

"இதுல என்னடா இருக்கு?"ன்னேன்.

"சோறு, வீடு எல்லாம் இருந்தும் சில சமயம் ஒருத்தன் உடைஞ்சு போயிடுவான்பா. ஃப்ரெண்டு இல்லாமப் போயிருப்பான், அதான்." என்னைப் பார்க்காமலே சொன்னான்.

சுருக்குன்னுது. வீடு, ஸ்கூல், பஸ் எல்லாம் டேலி பண்ணியிருந்தேன். அந்த ஒரு வரியை எந்தப் பக்கமும் எழுதலை.

ரிம்வேர்ல்டே வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை லக்னோ பசங்களோட போன்ல பேசிக்கிட்டே ஆடறான். அந்த மூணு பேருக்கும் அவங்க பேர்தான் வச்சிருக்கான்.

மாத்தல்ல வந்த உங்க வீட்டுப் பசங்க எப்படி இருக்காங்க? ஒரு தடவை கேட்டுப் பாருங்க.