அகதி வீட்டுப் பிள்ளை



சம்பூரைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். கொட்டியாரக் குடாக் கரையிலுள்ள தமிழ்க் கிராமம் அது. நான் வசிக்கும் மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் வழியாகப் போனால் அதிக தூரமில்லை. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஓடிய அவ்வூர் மக்கள், தங்கள் மண் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டதால், கிளிவெட்டி போன்ற இடங்களின் முகாம்களில் பல ஆண்டுகள் கிடந்தார்கள். 2015ஆம் ஆண்டில்தான் காணிகள் விடுபடத் தொடங்கின. திரும்பி வந்த ஒரு தாய், சந்தையில் என் மனைவியிடம் இப்படிச் சொன்னாராம்:

"என்ட மகன் முகாமில பிறந்தவன். சம்பூருக்கு வந்த முதல் ராவு, 'அம்மா, வீட்ட போவம்' எண்டு அழுதான். இந்த மண்ணுக்காக நாங்க ஒம்பது வருஷம் அழுதம். அவன் அந்தத் தகரக் கொட்டிலுக்கு அழுகிறான்."

மனைவிக்கு இது புதுமையாக இருந்தது. எனக்கு இல்லை. நானும் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவன்.

1990 அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டே மணி நேரம். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமாக ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. சோனகர் தெருவில் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பதெல்லாம் புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலும், நிவாரண அரிசியின் வாடையும், மழைக்கு உம்மா வைக்கும் சட்டிகளும்தான்.

மஃரிபுக்குப் பிறகு பெரியவர்கள் பாயில் அமர்ந்து ஊரைப் பற்றிப் பேசுவார்கள். நானாமார் இருவரும் அதில் கலந்துகொள்வார்கள். நான் வாய் திறந்தால், "நீ புத்தளத்தான், உனக்கென்ன தெரியும்?" என்று சிரிப்பார்கள். பாடசாலைக்குப் போனால் அங்கே என் பெயர் அகதி. வெளியே அகதி, வீட்டுக்குள் புத்தளத்தான்!

வாப்பா வேறொரு வழி செய்தார். தூங்குமுன் எங்கள் தெருவின் ஒழுங்கைகளையும், கிணறுகளையும், அண்டை வீட்டார் பெயர்களையும் குர்ஆன் பாடம் கேட்பதுபோல வரிசையாக ஒப்புவிக்கச் சொல்வார். கண்ணால் கண்ட நானாமார் தடுமாறுவார்கள். காணாத நான் ஓரிடத்திலும் பிழை விடமாட்டேன். "இவன்தான் திரும்பிப் போவான்" என்று வாப்பா என் தலையைத் தடவுவார். அந்தக் கை எனக்குப் பாரமாக இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பேச்சு எங்கள் பேச்சாக இருக்க வேண்டும், பெண் எங்கள் தெருப் பெண்ணாக இருக்க வேண்டும், கடைசியில் மண்ணும் எங்கள் மண்ணாக இருக்க வேண்டும்.

பின்னர் அரபுக் கல்லூரியில் புகாரி ஷரீஃப் ஓதும்போது ஒரு ஹதீஸ் வந்தது. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த பிலால் (ரலி) அவர்கள், காய்ச்சலில் படுத்துக்கொண்டு மக்காவின் புல்லையும் நீர்நிலைகளையும் மலைகளையும் நினைத்து ஏங்குகிறார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதைப் போய்ச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை. மக்காவை நேசிப்பதுபோல, அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக ஆக்குவாயாக என்று அல்லாஹ்விடம் கேட்டார்கள். கிதாபை மூடிவிட்டு வாப்பாவை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் பாருங்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் பிள்ளை அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி). தாயார் அஸ்மா (ரலி) அவர்கள் நிறைகர்ப்பிணியாக வந்து குபாவில் பெற்றெடுத்தார்கள். நபியவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று அக்குழந்தையின் வாயில் வைத்தார்கள். மக்காவைப் பாராத அந்தப் பிள்ளைக்கு மதீனாதான் ஊர். மக்கா வெற்றிக்குப் பின்னும் நபியவர்கள் அங்கே தங்கிவிடவில்லை. அன்ஸார்களோடு மதீனாவுக்கே திரும்பினார்கள். தாய்மார்களே, கொழும்பில் இருந்தாலும் கட்டாரில் இருந்தாலும் உங்கள் ஊரைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆனால் அவன் அடைக்க வேண்டிய கடனாக அதை எழுதி வைக்காதீர்கள்.

2010இல் நான் மூதூரில் நிகாஹ் செய்தேன். வாப்பா ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. வலீமா முடிந்து கிணற்றடியில் கை கழுவியபோது, "எங்கட கிணறு இப்ப எப்பிடிக் கிடக்குதோ" என்றார், அவ்வளவுதான். போர் முடிந்து பாதை திறந்தபின் போய்ப் பார்த்தார். கூரையுமில்லை, கதவு ஜன்னலுமில்லை. நடுமண்டபத்தில் மரம் வளர்ந்திருந்தது. காணி உறுதியைப் பொலித்தீனில் சுற்றி வைத்தார். சில ஆண்டுகளில் மவுத்தாகிவிட்டார்.

இப்போது என் மூத்த மகளுக்குப் பதினான்கு வயது. கிழக்கில் வழக்கம் தெரியுமல்லவா? பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். (மஹரைப் பற்றி எத்தனையோ ஜும்ஆவில் பேசியாயிற்று. அத்திவாரம் வெட்டுவது நின்றபாடில்லை.) "யாழ்ப்பாணத்துக் காணியை வித்தா வீடு முடிஞ்சிடுமே" என்கிறார்கள் மனைவி வீட்டார். "வாப்பாட உறுதி விக்கிறதுக்கு இல்ல" என்கிறார் உம்மா.

ஷரீஅத் என்ன சொல்கிறது? உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. நாங்கள் ஆண் மூவர், பெண் இருவர். கணக்குப் பார்த்தால் என் பங்கு 32இல் 7, உம்மாவுக்கு 4. எங்கள் குடும்பங்களில் இந்தப் பங்கீட்டைப் பல வருடம் இழுத்தடிக்கிறார்கள், பெண்மக்களின் ஹக்கு உள்ளேயே கிடக்கிறது. எனவே ஒரு தாளில் எழுதி உம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கிணறு ஆருக்கு?"

கடந்த விடுமுறையில் உம்மாவையும் மகளையும் யாழ்ப்பாணம் கூட்டிப் போனேன். உம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து, இது குசினி, இது உன்ர வாப்பா பிறந்த அறை என்று காட்டிக்கொண்டு நடந்தார். மகள் கேட்டாள்: "வாப்பும்மா, இஞ்ச வீடு கட்டினா நீங்க வந்து இருப்பீங்களா?"

உம்மா சற்று யோசித்தார்.

"எப்பிடி மகள்? என்ர கிளினிக் புத்தளத்திலயெல்லோ" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவரே முன்னால் நடந்தார்.