காசு எங்கட, திறப்பு ஆரின்ர?

திரை உடைஞ்ச லப்டொப்பைக் குப்பையில போடத் தேவையில்லை. எங்கட போர்டிங்கில அப்படி ஒண்டு, றவுட்டருக்குப் பக்கத்தில மேசைக்குக் கீழ, இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்குது. அதில ஜெலிஃபின் என்ற மென்பொருளைப் போட்டிருக்கிறோம். ஐந்து பேரும் சேர்த்து வைத்த படங்கள், பாட்டுக்கள், விரிவுரை ஒலிப்பதிவுகள் எல்லாம் அதுக்குள்ளதான். போனிலயும் பார்க்கலாம், வீட்டுக்கார அன்ரியின்ர ரீவியிலயும் பார்க்கலாம். வீட்டு வைபைக்குள்ளேயே ஓடுறதால டேட்டாவும் போகாது. இதைத்தான் ஹோம் மீடியா சேர்வர் எண்டு சொல்லுவினம்.

அதில லைவ் ரீவி எண்டும் ஒரு பகுதி இருக்கு. நாங்கள் ஐந்து பேரும் காசு சேர்த்து மாதாமாதம் ஒரு இணைய ரீவிச் சந்தா கட்டுகிறோம். அதில வாற தமிழ்ச் சனல்களை இந்தப் பெட்டிக்குள்ள இணைச்சா என்ன எண்டு ஒரு யோசனை வந்தது. அதுக்கு இரண்டு காரணம்.

முதலாவது, வெறும் கணக்கு. விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில ஓடுற ஒரு நேரலைக்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1.35 ஜிபி வேணும். ஐந்து பேர் ஐந்து போனில தனித்தனியப் பார்த்தா 6.75 ஜிபி. சேர்வர் ஒருக்காப் பதிஞ்சு வைச்சா 1.35 ஜிபியோட சரி. பிறகு எத்தனை பேர் எத்தனை தரம் பார்த்தாலும் வெளியில இருந்து ஒண்டும் இறங்கத் தேவையில்லை. மாதக் கடைசியில பக்கேஜ் முடிஞ்சு ஆளாளின்ர ஹொட்ஸ்பொட்டைக் கேட்டுத் திரியிற ஆக்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரிசு. எங்களில் ஒராள் 2022 போராட்ட மாதங்களைத் தமிழ்ச் செய்திகள் எப்படிச் சொன்னது எண்டு இறுதியாண்டு ஆய்வு செய்யிறா. பத்திரிகைக்குப் பிரச்சினை இல்லை. நூலகத்தில பழைய கட்டுகளைப் புரட்டலாம். ஆனா சனம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள போன யூலை 9 அன்று இரவு, தமிழ்ச் செய்தியில எது முதலில வந்தது, எந்தக் காட்சி எவ்வளவு நேரம் ஓடியது, எந்தச் சொல்லைப் பாவிச்சவை? யூடியூப்பில துண்டு துண்டாகக் கிடைக்குது. முழுச் செய்தியறிக்கையாக ஒண்டும் கைக்கு வரவில்லை. நாங்கள் காசு கட்டுற சந்தாவில பழைய நிகழ்ச்சிகள் ஏழு நாளுக்குத்தான் இருக்கும். எட்டாம் நாள் அது இல்லை.

ஜெலிஃபின் கேக்கிறது இரண்டே இரண்டு சாமான். ஒண்டு சனல் பட்டியல். எம்3யூ எண்டு ஒரு கோப்பு, சாதாரண நோட்பாட்டில திறந்து வாசிக்கலாம். ஒரு வரியில சனலின்ர பெயர், அடுத்த வரியில அதின்ர இணைய முகவரி. எம்பி3 பாட்டுகளை வரிசைப்படுத்த வந்த பழைய வடிவம் இது. மற்றது நிகழ்ச்சி அட்டவணை. எக்ஸ்எம்எல்டிவி என்ற வடிவத்தில, எத்தனை மணிக்கு எந்தச் சனலில என்ன எண்டு இருக்கும். இரண்டையும் குடுத்தா, அட்டவணையில ஒரு நிகழ்ச்சியை அமத்திப் 'பதிவு செய்' எண்டு சொல்லலாம். தொடராக இருந்தா ஒவ்வொரு நாளும் தானாகப் பதியும்.

கனபேர் பாவிக்கிற பிளெக்ஸில இது இவ்வளவு லேசு இல்லை. அது எம்3யூ பட்டியலை நேரடியாக ஏற்காது. அன்ரனா வயர் செருகிற ரியூனர் பெட்டியைத்தான் தேடும். அதால இடையில திரெட்ஃபின் போன்ற ஒரு மென்பொருளை வைத்து, 'நான்தான் ரியூனர்' எண்டு நடிக்க வைக்கிறார்கள். பதியிறதுக்கும் பிளெக்ஸ் பாஸ் எண்டு தனியாகக் காசு. 2025 ஏப்ரலில அதின்ர வாழ்நாள் விலை 120 டொலரில இருந்து 250 டொலராக ஏறினது. ஜெலிஃபினில எல்லாம் இலவசம். எம்பி என்ற மென்பொருள் தன்ர மூலநிரலைப் பூட்டினபோது, திறந்திருந்த கடைசி நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் 2018 டிசம்பரில தொடங்கினதுதான் ஜெலிஃபின். பூட்டுக்கு எதிராகப் பிறந்த பிள்ளை எண்டு சொல்லலாம்.

அல் ஜசீரா, டொய்ச்ச வெல்ல போன்ற நிலையங்கள் இலவசமாக விடுகிற நேரலைகளைப் போட்டோம். உடனே ஓடினது. எங்கட சந்தாச் சனல்கள் ஓடவில்லை. ஏன் எண்டு பார்த்தால், வீடியோ எங்கட வீடு வரைக்கும் வருது. சில விநாடித் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டும் பூட்டப்பட்டு வருது. திறப்பு தனியாக வேறொரு சேர்வரில இருக்கும். கூகுளின் வைட்வைன், அப்பிளின் ஃபெயர்பிளே, மைக்ரோசொஃப்டின் பிளேரெடி, இதில ஒண்டு இருக்கிற செயலிக்குத்தான் அந்தத் திறப்பைக் குடுக்கும். ஜெலிஃபினுக்குக் குடுக்காது. மேசைக்குக் கீழ கிடக்கிற பெட்டிக்கு அந்த வீடியோவை ஓட்டுற பலம் இருக்கு, அனுமதிதான் இல்லை. நாங்கள் மாதாமாதம் வாங்கிறது சனலை இல்லை, அவையின்ர ஜன்னலுக்குள்ளால எட்டிப் பார்க்கிற உரிமையை மட்டும்.

அம்மா ஆக்களின்ர காலத்தில இப்படி இருக்கவில்லை. உயர அன்ரனா கட்டி, கடலுக்கு அந்தப் பக்கத்துத் தூரதர்ஷனைப் பிடிச்சுப் பார்த்தவை. அலை ஆரெண்டு கேட்டு வரவில்லை. டெக்கும் ரீவியும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட கதை எங்கட ஊர்களில எல்லா வீட்டிலயும் இருக்கு. ரீவியில போறதை டெக்கில பதிஞ்சு பிறகு பார்க்கலாமா எண்டு அமெரிக்காவில பெரிய வழக்கே நடந்தது. 1984 இல், வீட்டில பிறகு பார்க்கிறதுக்காகப் பதியிறது நியாயமான பாவனை எண்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு எண்ட கணக்கில தீர்ப்புச் சொன்னது. அந்த டெக் செய்ததை இண்டைக்குச் சந்தா கட்டிற எங்களால செய்ய ஏலாமல் கிடக்கு.

இதில இன்னொரு கூத்து. 'ஆயிரக்கணக்கான சனல், ஒரே லிங்க்' எண்டு வட்ஸ்அப்பில விக்கிற களவு ஐபிரீவி ஜெலிஃபினுக்குள்ள ஒரு நிமிசத்தில ஏறும். ஏனெண்டால் அது வெறும் எம்3யூ. காசு கட்டினவனுக்குக் கதவு பூட்டு, களவெடுத்தவனுக்குத் திறந்த வாசல். நாங்கள் அந்த லிங்கை வாங்கவில்லை. நிகழ்ச்சி செய்தவர்களுக்கு அதில ஒரு சதமும் போகாது. இண்டைக்கு இருக்கிற லிங்க் நாளைக்குச் செத்துப்போகும், அதை நம்பி ஒரு ஆவணத்தைக் கட்டவும் ஏலாது.

இதுக்கு வேற வழியே இல்லை எண்டு நிறுவனங்கள் சொல்லலாம். ஆனா பிரான்சில ஃப்றீ என்ற இணைய நிறுவனம், தன்ர வாடிக்கையாளர் வீட்டு வலையமைப்புக்குள்ள மட்டும் வேலை செய்யிற ஒரு எம்3யூ பட்டியலைத் தானாகவே குடுக்குது. வீஎல்சியில போட்டுப் பார்க்கலாம். எல்லாச் சனலும் அதில இல்லை. ஆனா காசு கட்டிற ஆளை நம்பலாம் எண்டதுக்கு அது ஒரு சாட்சி. எங்கட நாட்டுச் சந்தா நிறுவனங்களிட்டக் கேக்கிறதும் இவ்வளவுதான். சினிமாவையும் கிரிக்கெட்டையும் பூட்டி வைச்சிருங்கோ. செய்தியையும் கலந்துரையாடல்களையும் எண்டாலும் திறந்து விடுங்கோ. தமிழ்ச் சனல்களிட்டயும் ஒரு கேள்வி: உங்கட நேரலை முகவரியை உங்கட தளத்திலேயே வெளிப்படையாகப் போட்டால் என்ன?

இப்ப எங்கட பெட்டி, திறந்த நேரலை குடுக்கிற ஒரு சனலின்ர இரவுச் செய்தியை ஒவ்வொரு நாளும் பதியுது. அதுக்கு ஆயத்த அட்டவணை கிடைக்கவில்லை, அதால எக்ஸ்எம்எல்டிவி கோப்பைத் தமிழிலேயே நாங்களே எழுதினோம். பதிஞ்சதை எங்கயும் ஏத்துறதில்லை, ஆய்வுக்கு மட்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விமர்சனம், கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கான நியாயமான பாவனையை ஏற்றுக்கொள்ளுது.

அரை மணித்தியாலச் செய்தி ஒண்டு 0.7 ஜிபிக்குக் கொஞ்சம் குறைய. வருசம் முழுக்கப் பதிஞ்சால் 250 ஜிபி அளவில வரும். 1 டிபி டிஸ்க் ஒண்டில நாலு வருசம் அடங்கும். அது எங்கட பட்டப்படிப்பின்ர காலம். அச்சில வந்த தமிழைச் சேர்த்து வைக்கத் தன்னார்வலர்கள் 2005 இல் 'நூலகம்' இணையத்தளத்தைத் தொடங்கினார்கள். ஒளிபரப்பான தமிழுக்கு அப்படி ஒண்டு வரும்வரைக்கும், ஒவ்வொரு போர்டிங்கிலயும் ஒவ்வொரு சனலைப் பிரிச்சு எடுத்தாலே 2030 இல் ஆய்வு செய்ய வாற தங்கச்சி தம்பிமாருக்குக் கொஞ்சமாவது மிஞ்சும். உங்களிட்டத் திரை உடைஞ்ச லப்டொப் இருந்தால், ஒரு சனலை நீங்கள் எடுங்கோ.