ஆலப்புழை முதல் தங்கசேரி வரை

மலைப்பக்கம் வாழும் நம்மவர் பலருக்குக் கடல் என்பது தூரத்து உறவினரைப் போன்றது. இருக்கிறது என்று தெரியும். போய்ப் பார்ப்பதுதான் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் இடுக்கி ஏலத்தோட்டத்துப் பனியையும் அறிந்த எங்கள் குழந்தைகள் கலங்கரை விளக்கத்தைப் படத்தில் மட்டுமே கண்டிருந்தார்கள். ரயில்வே குமாஸ்தா வீட்டுக்குக் கிடைக்கும் இலவசப் பாஸ் வழக்கமாகக் குலதெய்வத்துக்கே போய்விடும். இம்முறை அதைக் கலங்கரை விளக்கங்களுக்குச் செலவிட்டோம். கேட்டவர் எங்கள் தாயார்.

அவர் 1977ஆம் ஆண்டில், தமது பன்னிரண்டாம் வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் வந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அனுப்பிவைத்த பல்லாயிரம் குடும்பங்களுள் அவர்கள் குடும்பமும் ஒன்று. மண்டபம் முகாமில் முதல் இரவு உறக்கம் வராமல் வெளியே அமர்ந்திருந்தபோது, பாம்பன் கலங்கரை விளக்கத்தின் ஒளி விட்டுவிட்டு வந்ததாம். “அது நம்ம ஊர் விளக்கு, இனிப் பயமில்லை” என்று பாட்டனார் சொன்னாராம். அதன் பிறகு தோட்டம் தோட்டமாக அலைந்து, இடுக்கி மலையில் ஏலக்காய் பறிக்கும் வேலையில் அவர்கள் காலூன்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. பாட்டனார் அதுவரை இருக்கவில்லை.

அப்படியானால் பாம்பனுக்கே போகலாமே என்றோம். “அந்த விளக்கை மறுபடி பார்க்க எனக்கு மனசு இல்லை, தம்பி. வேறே ஏதாவது விளக்கு இருந்தால் காட்டு” என்றார்.

விடியற்காலையில் பாலக்காடு சந்திப்பில் ஏறி, திருச்சூர், எர்ணாகுளம் கடந்து, கடலோர வழியாக ஆலப்புழையில் இறங்கினோம். நிலையத்திலிருந்து கடற்கரை கிட்டத்தான். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய கோபுரம் தென்னைகளுக்கு மேல் நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 28 மீட்டர். திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் காலத்தில் தொடங்கிய பணி, ஆயில்யம் திருநாள் காலத்தில் 1862இல் நிறைவெய்தியது. முதலில் எரிந்தது தேங்காய் எண்ணெய்! கயிறும் கொப்பரையும் ஏற்றுமதியான துறைமுகத்துக்கு வேறு எந்த எண்ணெய் பொருந்தும்? ஏறக்குறைய 90 ஆண்டுகள், 1952 வரையில், அந்த எண்ணெய்தான். பின்னர் வாயு விளக்கு, 1960இல் மின்விளக்கு.

முழங்கால் வலியால் தாயார் கீழேயே அமர்ந்துவிட்டார். நாங்கள் குழந்தைகளுடன் சுழற்படிகளில் மூச்சிரைக்க ஏறினோம். உச்சியிலிருந்து பார்த்தால், 1862இல் கட்டிய கடற்பாலத்தின் எஞ்சிய தூண்கள் அலைக்குள் வரிசையாக நிற்கின்றன. கப்பல்கள் இப்போது அங்கே வருவதில்லை.

விளக்கு பெரிதாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். விளக்கு சிறிதுதான், அதைச் சூழ்ந்திருக்கும் கண்ணாடியே வேலை செய்கிறது. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் 1823இல் தம் நாட்டுக் கோர்துவான் விளக்கில் முதன்முதலாகப் பொருத்திக் காட்டிய ஏற்பாடு இது. பட்டைக் கண்ணாடிகளை வளையம் வளையமாக அடுக்கி, நாற்புறமும் சிதறும் ஒளியை ஒரே கற்றையாகக் கடல்மேல் செலுத்துகிறார்கள். ஒளிவிடும் தாளமும் விளக்குக்கு விளக்கு வேறு. மாலுமி விநாடிகளை எண்ணிப் பார்த்து, தான் எந்த ஊருக்கு நேரே இருக்கிறோம் என்று அறிந்துகொள்கிறான். சிக்னல் விளக்கின் நிறம் பார்த்தே பழகிய எங்களுக்கு, நேரத்தையே அடையாளமாக்கிய இந்தத் தந்திரம் மிகவும் பிடித்துப்போயிற்று. நம் முன்னோருக்கும் இத்தொழில் தெரியும். கலங்கரை விளக்கம் என்ற சொல்லே சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. ஏணி வைத்து ஏறும் உயர்ந்த மாடத்தில் இரவில் தீயேற்றிக் கப்பல்களை அழைத்ததைப் பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது.

மறுநாள் காயங்குளம் வழியாகக் கொல்லம் சென்றோம். நகரின் மேற்குக் கோடியில் தங்கசேரி. போர்த்துகீசியர், ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் எனக் கைமாறிய சிறு நிலத்துண்டு அது. இடிந்த கோட்டைச் சுவருக்கு அருகே, 1902இல் எழுப்பிய விளக்கு சுமார் 40 மீட்டர் உயரம் நிற்கிறது. வெள்ளையில் சாய்வாகச் சுற்றிய சிவப்புப் பட்டைகள். பெப்பர்மின்ட் மிட்டாய் என்றாள் இளைய மகள். நாங்கள் போனபோது பார்வை நேரம் முடிந்துவிட்டது. கொல்லத்து முந்திரியைக் கொறித்துக்கொண்டு மணலில் அமர்ந்தோம்.

இருட்டியதும் ஒளி சுழன்றது. தாயார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பலமுறை எண்ணிவிட்டு, “இது வேறே தாளம்” என்றார். நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டது அவர் விரலில் இன்னும் இருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சற்று நேரம் கழித்து, “மேலே ஆள் இருப்பாங்களா?” என்று கேட்டார். இப்போது எல்லாம் இயந்திரம், அந்தக் காலத்தில் ஒருவர் இரவு முழுவதும் விழித்திருந்து கவனிப்பார் என்றோம்.

“அப்போ அன்னிக்கு ராத்திரி எங்களோடு அவரும் முழிச்சிருந்திருப்பார்” என்றார்.

திரும்பும் ரயிலில் அவர் அதிகம் பேசவில்லை. திருச்சூர் தாண்டியதும், அடுத்த பாஸ் எப்போது கிடைக்கும் என்று விசாரித்தார். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின்மேல் இப்போது ரயில் போகிறது. விண்ணப்பத்தில் அவ்வூர்ப் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.